எந்தப் பத்திரத்திலும் இல்லாத கோடு

சென்னை ஜாபர்கான்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டின் கூடத்தில், 2015 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில் அடையாற்றுத் தண்ணீர் நின்ற உயரம் நான்கே முக்கால் அடி. இது கண்ணளவாகச் சொல்லும் கணக்கு அன்று. தண்ணீர் வடிந்து, சேற்றை வழித்து வெளியே தள்ளிய பிறகு, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்திருந்த பழுப்பு விளிம்பின் மேல் அப்பா ஓர் அடிக்கோலை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து, அதன் கீழே தேதியையும் எழுதி வைத்தார். பீரோவும் மெத்தையும் தெருவில் கிடக்கும்போது இந்த மனிதர் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாரே என்று அம்மாவுக்கு ஆத்திரம். பொங்கலுக்கு முன் வீட்டுக்காரர் ஆள் வைத்துச் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெளிர் மஞ்சளில் பெயின்ட் அடித்தார். கோடு போயிற்று. அந்த ஏப்ரலில் நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். அடுத்து வந்த குடும்பத்திடம் யாரும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டட வரைபடம் போட்டு அனுமதிக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறேன். சாலையின் அகலம் எவ்வளவு, நான்கு பக்கமும் விட வேண்டிய இடம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி எங்கே என்று அத்தனையும் வரைபடத்தில் காட்டியாக வேண்டும். ஆனால் சாதாரண வீட்டு மனை ஒன்றுக்கு நான் அனுப்பிய எந்த வரைபடத்திலும், இந்த இடத்தில் வெள்ளம் இதற்கு முன் எந்த மட்டம் வரை ஏறியது என்பதைக் காட்டும்படி என்னை ஒருவரும் கேட்டதில்லை. பட்டாவில் அந்தத் தகவல் கிடையாது. வில்லங்கச் சான்றிதழ் அந்த நிலத்தின் மேல் யார் யாருக்குக் கடன் உரிமை இருக்கிறது என்று சொல்லும். ஆற்றுக்கு இருக்கிற உரிமையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அப்பா போட்ட கோட்டுக்கு அரசாங்கத்தின் எந்தத் தாளிலும் இடமில்லை என்பதைப் புரிந்துகொள்ள, இந்தத் தொழிலில் இருந்த எனக்கே ஒரு வெள்ளம் தேவைப்பட்டது.

அடையாறு பெரிய ஆறு இல்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பி, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் கலக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் ஆறுகளைப் போல இதற்குத் தனி ஊற்று கிடையாது. மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே வழியும்போதுதான் இது ஆறு. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் வந்து சேர்கிறது. சித்திரை மாதத்தில் சைதாப்பேட்டைப் பாலத்தின் மேல் நின்று பார்ப்பவருக்கு, மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் கருப்பு நீர் ஒரு தெரு அகலத்துக்குத் தேங்கி நிற்பது மட்டுமே தெரியும். மீதியெல்லாம் ஆகாயத்தாமரையும் மண்மேடும் குப்பையுமாக இருக்கும். கார்த்திகையில் அதே இடத்தில் கரை எது, ஆறு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே இந்த ஆற்றுக்கு அகலம் இரண்டு. நகரத்தின் வரைபடங்கள் எல்லாமே சித்திரை அகலத்தை மட்டும் ஆறு என்று எடுத்துக்கொண்டு, கார்த்திகை அகலத்தை மனை என்று எடுத்துக்கொண்டன. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதற்குள் சட்டம், பணம், சாதி, வர்க்கம் எல்லாம் வந்துவிடுகின்றன.

2015ஆம் ஆண்டின் கணக்கை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓர் ஆண்டு முழுவதும் சென்னைக்குக் கிடைக்கும் மழையில் இது முக்கால் பங்கு. ஏரிகள் எல்லாம் விளிம்பு தட்டி நின்ற நிலையில், டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து அன்றிரவு திறந்துவிடப்பட்டது வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி. கன அடிக் கணக்கு சென்னைவாசிக்கு எளிதில் பிடிபடாது என்பதால் நமக்குப் பழகிய அளவில் சொல்கிறேன்: 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி அறுபத்தெட்டை ஒவ்வொரு வினாடியும் ஆற்றில் கவிழ்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமிருந்து ஆற்றின் சொந்த வெள்ளம் வேறு. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதே இடத்தில் 1726இல் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பாலத்தைப் பராமரிப்பதற்கும் தனியே பணம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போன மனிதர். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது என்பது அந்தக் காலத்துப் பழக்கம் போலும்.

வெள்ளத்துக்குப் பின் நடந்த விவாதம் முழுவதும் மதகைப் பற்றியே இருந்தது. முன்னதாகவே திறந்திருக்க வேண்டுமா, யாருடைய உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள் என்று இரண்டு ஆண்டுகள் பேசினோம். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை நீர் திறப்பையும் நகரத் திட்டமிடலையும் சேர்த்தே குறை கூறியது. ஆனால் தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சியிலும் முதல் பாதிதான் ஓடியது. மதகைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது, தவறு செய்த ஆள் ஒருவர் கிடைத்துவிடுவார். நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மனை விற்றவர், வாங்கியவர், அனுமதி கொடுத்தவர், வரைபடம் போட்டவர் எல்லாருமே கூண்டில் ஏற வேண்டும். வரைபடம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

காவிரிக் கரை ஊர்களில் படுகை என்று ஒரு சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கரைக்கும் ஓடும் நீருக்கும் இடைப்பட்ட, வெள்ளக் காலத்தில் மூழ்கி வண்டல் படிந்து எழுகிற நிலம் அது. அங்கே வாழை வைப்பார்கள், காய்கறி போடுவார்கள், மாடு மேய்ப்பார்கள். வீடு கட்ட மாட்டார்கள். குடியிருப்புக்கான நத்தம் எப்போதும் மேட்டில்தான் இருக்கும். படுகை தனக்குச் சொந்தமானாலும் அது ஆற்றிடம் இரவல் வாங்கியது என்ற எண்ணம் உழவனுக்கு இருந்தது. நகரம் ஆனவுடன் இந்தச் சொல் நம் வாயிலிருந்து போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது புறம்போக்கு. வரி விதிப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட நிலம் என்பதே அந்த வருவாய்த்துறைச் சொல்லின் பொருள்: ஏரி, ஓடை, மேய்க்கால், மயானம், ஆற்றங்கரை எல்லாம் அதில் அடங்கும். ஊர்ப் பொதுவானது என்று மதிக்க வேண்டிய நிலத்தை யாருக்கும் உதவாதது என்று எண்ணப் பழகி, கடைசியில் அந்தச் சொல்லையே ஆளைத் திட்டவும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டோம்.

சென்னையில் இது ஒன்றும் நேற்று நடந்ததில்லை. தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து அமைத்த நகர்தான். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. நான் குடியிருந்த பகுதிக்குப் பக்கத்து ஊரின் பெயர் ஈக்காட்டுத்தாங்கல். தாங்கல் என்றாலே சிறு ஏரி என்று பொருள். பெயர்ப் பலகையிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கும் ஊரில் வாடகை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக் குடிபோனவர்கள் நாங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரை நிலத்தைக் காக்க நம்மிடம் சட்டமே இல்லை என்று பலர் சொல்வது முழு உண்மை இல்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. கழிமுகப் பகுதிக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். அதிலும், கோடை உச்சத்தில் நீரின் உப்பு ஆயிரத்தில் ஐந்து பங்குக்குக் குறையாமல் இருக்கும் இடம் வரைக்கும்தான் ஆறு கடலின் கணக்கில் வரும். அந்த எல்லைக்குள் கரையிலிருந்து விட வேண்டிய தூரம் 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இவற்றில் எது குறைவோ அது. 2019இல் அந்த 100 மீட்டரை 50 ஆக்கினார்கள். இடையே 2015 வந்து போயிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். உப்பு நிற்கும் இடத்துக்கு மேலே, அதாவது ஜாபர்கான்பேட்டை, மணப்பாக்கம், அனகாபுத்தூர், முடிச்சூர் என்று வெள்ளம் உண்மையில் வீட்டுக்குள் புகும் ஊர்களில், இந்தப் பாதுகாப்பும் இல்லை.

இந்தச் சட்டங்கள் எல்லாமே நிலத்தைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இது யாருடையது? அரசு நிலத்தில் தனி ஆள் இருந்தால் ஆக்கிரமிப்பு, பட்டா நிலத்தில் இருந்தால் உரிமை. ஆற்றுக்கு இந்த வேறுபாடு தெரியாது. என் மைத்துனர் முடிச்சூரில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில், வங்கிக் கடன் வாங்கி, முத்திரைத்தாள் கட்டணம் கட்டி, ஒரு சதுர அடி கூட மீறாமல் வீடு கட்டினார். அவர் வீட்டில் முதல் தளத்தின் படிக்கட்டு வரை தண்ணீர் ஏறியது. அவர்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவர் யார் நிலத்தையும் ஆக்கிரமிக்கவில்லை. ஆனால் அந்த நிலம் படுகைதான். கரையோர நிலத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி யாருடையது என்பதோடு நின்றுவிடக் கூடாது. அதில் என்ன செய்யலாம், எந்த மட்டத்துக்கு மேல் செய்யலாம் என்பது தனிக் கேள்வி.

அந்தத் தனிக் கேள்வியைக் கேட்கும் மாதிரி மசோதா ஒன்று நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரிப்பதற்கான மாதிரிச் சட்டத்தை மத்திய நீர் ஆணையம் தயாரித்து, 1975இல் அது மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. மணிப்பூர் 1978இலேயே சட்டமாக்கியது. பின்னர் ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற ஓரிரு மாநிலங்கள் செய்தன. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் வரவில்லை. அதன் அடிப்படை மிக எளியது. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம், இருபத்தைந்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் என்று மட்டங்களைக் கணக்கிட்டு நிலத்தின் மேல் கோடு போட வேண்டும். மருத்துவமனை, மின் நிலையம் போன்றவை நூறாண்டுக் கோட்டுக்கு மேலே. வீடும் அலுவலகமும் இருபத்தைந்தாண்டுக் கோட்டுக்கு மேலே. விளையாட்டு மைதானமும் பூங்காவும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், ஏனென்றால் மைதானம் மூன்று நாள் மூழ்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நூறாண்டுக்கு ஒருமுறை என்றால் ஒன்று வந்த பின் நூறு வருடம் நிம்மதி என்று பொருளில்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் வாங்குகிறவருக்கு அந்தக் கடன் முடிவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் மேலே. இதை எந்த வங்கி மேலாளரும் வாடிக்கையாளரிடம் சொல்லிக் கேட்டதில்லை.

இதற்கு மாறாக நடைமுறையில் நாம் செய்வது மண் கொட்டுவது. பெரிய மனைப்பிரிவோ அடுக்குமாடிக் கட்டடமோ என்றால் நீர்வளத்துறையிடம் வெள்ளப் பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் நான் கையாண்ட அப்படிப்பட்ட சான்றுகளின் சாரம், மனையை இன்ன மட்டம் வரை மண் நிரப்பி உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பதுதான். பணமுள்ளவர் ஐம்பது லோடு கிராவல் கொட்டி மேட்டில் ஏறிக்கொள்கிறார். அவர் மனையில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து ஓட்டு வீட்டுக்குப் போகும். அடுத்த ஆண்டு அவரும் கடன் வாங்கி உயர்த்துவார். இப்படி ஒவ்வொருவரும் தன் மனையைக் காப்பாற்றிக்கொள்ளக் காப்பாற்றிக்கொள்ள, ஊர் மொத்தமாக ஆற்றின் கொள்ளளவைத் தூர்த்துக்கொண்டே வருகிறது. இதில் ஒருவர் கூட விதியை மீறவில்லை, அதுதான் இதில் கொடுமை.

சுவர் எழுப்புவதும் இதே வகைதான். வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றைப் பல இடங்களில் அகலப்படுத்தினார்கள், கரையை உயர்த்தினார்கள். முடிச்சூர் பக்கத்துத் தண்ணீரைத் திருப்பிவிட மூடுகால்வாய்களும் கட்டினார்கள். இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் முதலில் வந்த வழி கரையைத் தாண்டி இல்லை. பதினொரு மணி வாக்கில் குளியலறைச் சாக்கடைத் துவாரத்திலிருந்து குபுகுபுவென்று ஒரு சத்தம் கேட்டது. கொதிக்கும் சோற்றுப் பானை போல. தெருவில் பாதாளச் சாக்கடை மூடி எழும்பி எழும்பி அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றின் மட்டம் வடிகால் குழாயின் வாயைவிட உயர்ந்துவிட்டால், ஊர்த் தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் குழாய் வழியே வரும். கரையில் எவ்வளவு உயரம் சுவர் எழுப்பினாலும் இந்த வழியை அடைக்க ஒருவழிக் கதவும், கதவை மூடியபின் உள்ளே பெய்யும் மழையைத் தேக்கி வைக்கக் கொஞ்சம் வெற்று நிலமும் வேண்டும். அந்த வெற்று நிலம்தான் இல்லை.

அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரையைப் போல அடையாற்றையும் ஆக்குவோம் என்று அவ்வப்போது ஒரு பேச்சு வரும். 2012இல் திறந்த அந்த நடைபாதையில் நானும் நடந்திருக்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே செய்தது என்னவென்றால், இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி ஆற்றை 263 மீட்டர் என்ற ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்து, ஆற்றிலிருந்து எடுத்த நிலத்தில் பூங்காவும் சாலையும் அமைத்தார்கள். பார்ப்பதற்கு நீர் வேண்டும் என்பதால் நர்மதைக் கால்வாயிலிருந்து நிரப்பினார்கள். ஆற்றுக்கு ஓர் அகலம்தான் என்று முடிவு கட்டுவதன் உச்சம் அது. நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் நேர்மாறாகச் செய்தார்கள். ரைன் ஆற்றின் கிளை அந்த நகரத்தின் அருகே குறுகி வளைவதால், அங்கிருந்த கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளி வைத்து, நடுவில் பக்கக் கால்வாய் ஒன்றை வெட்டினார்கள். ஐம்பது வீடுகள் போல இடம் மாற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. நெதர்லாந்துக்காரர்களுக்குப் பணம் இருக்கிறது, நமக்கு இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். சபர்மதிச் சுவரை யார் இலவசமாகக் கட்டிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்டேன்.

இடம் மாற்றுவது என்றதும் சென்னையில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். ஆற்றின் ஓரத்தில் ஓலையும் தகரமும் போட்டு இருந்தவர்கள் ஆபத்தில் இருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெரும்பாக்கத்தின் எட்டுத் தளக் குடியிருப்புகள் நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அண்டையில். அந்தச் சதுப்பு நிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றுவிட்டது. அதன் விளிம்பில் இருப்பவர்கள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் தண்ணீருக்குள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொடுத்த அக்கா அங்கேதான் போனார். இரண்டு பஸ் மாறிச் சில மாதம் வந்தார். பிறகு, "காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பினாலும் எட்டு மணியாவுது தம்பி, கட்டுப்படியாவல" என்று நின்றுவிட்டார். ஆற்றங்கரையை விட்டுப் போனதில் அவருக்கு வேலையும் போயிற்று, வெள்ளம் மட்டும் போகவில்லை.

அதே ஆற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டதுதான் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை. 2015இல் விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரைக்குமான உயர்மட்டச் சாலைக்குத் தூண்கள் இறங்கியது கூவத்தின் உள்ளே. பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்பது பக்கிங்காம் கால்வாயில். நிலம் எடுக்கச் செலவில்லை, இழப்பீடு கேட்க ஆளில்லை என்பதால் பொறியாளருக்குப் புறம்போக்கு எப்போதும் வசதியான நிலம். குடிசையை அகற்றும் அதே உத்தரவில், அரசுக் கட்டடங்களுக்கும் ஒரு கோடு போட்டிருந்தால் மக்களின் மனக்கசப்பு பாதியாகக் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்மால் முடியாது என்பதும் இல்லை. அடையாறு கழிமுகத்தில், கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் தோண்டி, நீர் வந்துபோக வழி செய்து, அலையாத்திச் செடிகளை நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே ஒருமுறை மழைக்கு மறுநாள் என் மகளை அழைத்துப் போனேன். பாதையின் ஓரத்துப் புல்லெல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தது. தண்ணீர் வந்து படுத்திருந்து எழுந்து போன அடையாளம். யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் நிவாரணம் கேட்கவில்லை. கரையோர நிலம் என்பதன் வேலை அதுதான். இப்படிப்பட்ட நிலங்கள் திருநீர்மலையிலிருந்து கடல் வரைக்கும் பத்துப் பதினைந்து இருந்தால் வெள்ளம் உட்கார்ந்து போக இடம் கிடைக்கும். பட்டா நிலம் என்றால் சும்மா பிடுங்க முடியாது, கூடாது. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுப்பவர்களுக்கு, அந்த நிலத்தில் கட்டியிருக்கக்கூடிய பரப்பை வேறிடத்தில் கட்டவோ விற்கவோ உரிமை தரும் முறை நம் விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே படுகை நிலத்துக்கும் விரித்தால் உரிமையாளர் நீதிமன்றம் போகாமல் பேச வருவார்.

அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய செலவில்லாத வேலை ஒன்று உண்டு. எந்தெந்தச் சர்வே எண்ணில் 2015இல் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதை, பட்டாவைப் பார்க்கும் அதே இணையப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட வேண்டும். சென்னைப் பெருநகருக்கு மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடத்தின் மேல் இந்தக் கோடு ஏற வேண்டும். மனை விலை விழுந்துவிடும் என்று இதை எதிர்ப்பார்கள். விழட்டும். இன்று அந்த விலையைக் கட்டுவது விவரம் தெரியாத வாடகைக்காரரும் முதல் வீடு வாங்கும் இளம் தம்பதியும்தான்.

சென்ற ஐப்பசியில் ஒரு வேலையாக ஜாபர்கான்பேட்டைப் பக்கம் போனபோது பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. இப்போது இருப்பவர் முப்பது வயது இளைஞர், ஏதோ தனியார் வேலை. மனைவி, பள்ளிக்குப் போகும் பெண் குழந்தை. நான் யார் என்று சொன்னதும் உள்ளே உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். சுவர் இப்போது இளநீலம். தரையில் கட்டிலுக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"இங்க எதுவரைக்கும் சார் வந்துச்சு?"

எழுந்து போய், சுவிட்ச் போர்டுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினேன். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த இளைஞர் குழந்தையின் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து வந்து, "கைய எடுக்காதீங்க சார்" என்று சொல்லி, என் உள்ளங்கையின் அடியில் ஒரு கோடு இழுத்தார். தேதி கேட்டு எழுதினார். "ஓனர் பார்த்தா சத்தம் போடுவாருங்க" என்றார் அந்தப் பெண். இளைஞர் சிறிது யோசித்துவிட்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, ஓர் ஆணி அடித்து, அந்தக் கோட்டின் மேல் மாட்டினார்.